வேதி ஆயுத ஒழிப்பும் ஆலைத் தொழிலாளியும்

(பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் தமிழ்த் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மென்பொருளும் மின்னணுவும் கோலோச்சும் இவ்விடத்தில் வேதி ஆயுதங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் வினவினர். ஃபாஸ்ஜீன் என்ற ஒரு வாயுவைக் கொண்டே அதற்கு விடை கூறலாம்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மன் ராணுவம் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. பின்னர் களமிறங்கிய ஃபாஸ்ஜீன்தான், அப்போரில் நச்சுவாயுவுக்குப் பலியானோரில் பெரும்பாலோரைக் கொன்றது. அதே ஃபாஸ்ஜீன், போபால் யூனியன் கார்பைடு ஆலையில் மீதைல் ஐசோசயனேட் தயாரிக்கும் மூலப்பொருளாக இருந்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் அந்த மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. எந்தப் போரும் அறிவிக்கப்படாமலேயே ஆயிரக்கணக்கான எளிய மக்கள் மடிந்தனர். வேதிப்பொருள் யார் கையில், யாருடைய மேற்பார்வையில் இருக்கிறது என்பதே கேள்வி.

1925ஆம் ஆண்டின் ஜெனீவா நெறிமுறை நச்சுவாயுவைப் போரில் பயன்படுத்துவதைத் தடுத்தது. தயாரிப்பதையும் சேமிப்பதையும் தடுக்கவில்லை. அந்த இடைவெளியின் விலையை 1988இல் ஹலப்ஜாவின் குர்து மக்கள் உயிரால் செலுத்தினர். 1993இல் கையெழுத்தாகி 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த வேதி ஆயுதத் தடை உடன்படிக்கையே அதை அடைத்தது. இன்று 193 நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன. கையெழுத்திட்ட இஸ்ரேல் இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை.

இந்தியா தன் கையிருப்பை 1997இல் அறிவித்தது; 2009இல் முழுவதும் அழித்து முடித்தது. உலகுக்கு உபதேசம் செய்யும் அமெரிக்காவோ, 2012 என்ற இறுதிக் கெடுவையும் கடந்து, 2023 ஜூலையில்தான் முடித்தது. அதுமட்டுமல்ல. தடை அமைப்பின் முதல் தலைமை இயக்குநரான பிரேசிலின் ஜோசே புஸ்தானி, இராக்கையும் உடன்படிக்கைக்குள் கொண்டுவர முயன்றார். ஆய்வாளர்கள் உள்ளே சென்றால் போருக்கான சாக்கு பறிபோகும். 2002 ஏப்ரலில் அமெரிக்க நெருக்குதலால் அவர் நீக்கப்பட்டார். அந்நீக்கம் செல்லாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயம் 2003இல் தீர்ப்பளித்தது. அதற்குள் இராக் மீது குண்டுகள் விழுந்துவிட்டன.

இருப்பினும் இவ்வுடன்படிக்கை ஓர் அரிய முன்மாதிரி. ஃபாஸ்ஜீன் போன்றவற்றைப் பெருமளவில் தயாரிக்கும் தனியார் ஆலைக்குள்ளும் சர்வதேச ஆய்வாளர் நுழைய முடியும். வணிக ரகசியம் என்று கூறிக் கதவடைக்க முதலாளியால் இயலாது.

ஆனால், அதே ஆலையில் வேலை செய்யும் தொழிலாளியின் நிலை என்ன? 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தொழிற்சாலை ஆய்வாளரை நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறும் ‘வசதியாளராக’வும் மாற்றியிருக்கிறது. போர்க்களத்தின் நச்சுக்கு ஆய்வு வேண்டும், பணிக்களத்தின் நச்சுக்கு ஆலோசனை போதும் என்பது எந்த நியாயம்?

சர்க்யூட் பலகைகளைக் கழுவும் அமிலத்தின், கரைப்பானின் பெயரைக் கேட்டறிவது நம் உரிமை. தோழர்களே, அந்தக் கேள்வியைத் தனியாளாக அல்ல, சங்கமாகக் கேட்போம்!