பாடியவரே எழுதிய வரலாறு

(பண்பாட்டுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பறை, கானா, ராப் என்று ஒடுக்கப்பட்டோரின் இசையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று ஓர் அமெரிக்கப் பாடகியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அவர் பாடியதைவிட, பின்னாளில் எழுதியதுதான் நமக்குப் பாடம்.

ஆலிஸ் பேக். இயற்பெயர் அலிசியா அர்மெண்டாரிஸ். மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1958இல் பிறந்து, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவர். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தார்.

1977இல் 'தி பேக்ஸ்' என்ற பங்க் இசைக்குழு உருவானது. பங்க் என்றால் பெரிய பயிற்சியோ நிறுவன ஆதரவோ இல்லாமல், கிடைத்த கிடாரை எடுத்துக்கொண்டு வேகமும் இரைச்சலும் கோபமுமாகப் பாடுவது. தொடக்கத்தில் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். 'பேக்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சில ஆண்டுகளில் குழு கலைந்தது. ஆலிஸ் 1986இல் நிகரகுவா சென்றார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளி ஆசிரியராக நீண்ட காலம் வேலை பார்த்தார்.

இதற்கிடையில் பங்க் என்றாலே வெள்ளை ஆண்களின் இசை என்ற எண்ணம் பொதுப்புத்தியில் பதிந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸின் தொடக்ககால மேடைகளில் பெண்கள் இருந்தார்கள். 'தி ஜீரோஸ்', 'தி பிளக்ஸ்' போன்ற குழுக்களில் மெக்சிகோ வம்சாவளியினர் இருந்தார்கள். ஆனாலும் அவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஆலிஸ் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அந்தக் காலத்துப் பெண்களைத் தேடிப் பேட்டி எடுத்துத் தொகுத்தார். 2011இல் 'வயலன்ஸ் கேர்ள்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். அட்டையிலேயே தன் கதையைச் 'சிக்கானா பங்க்' கதை என்று அறிவித்தார். சிக்கானா என்பது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண்கள் அரசியல் உணர்வோடு ஏற்றுக்கொண்ட அடையாளம். வெளியே இருந்த ஒடுக்குமுறையோடு, வீட்டுக்குள் இருந்த அடியையும் எழுதினார். அப்பாவின் வன்முறை தனக்குள்ளும் இறங்கியிருந்ததை மறைக்கவில்லை. நிகரகுவா நாட்களைப் பற்றி 2015இல் இன்னொரு நூல் வந்தது.

நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் 'பாடுவது நீ, எழுதுவது நான்' என்ற வேலைப் பிரிவினை இரண்டு இடத்திலும் உண்டு. இதில் நானும் குற்றவாளிதான். என்னைப் போன்ற ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கலைஞரிடம் போகிறோம். அவர் 'தகவலாளி' ஆகிறார். நாங்கள் ஆசிரியர் ஆகிறோம். பறைக் கலைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் சொன்னதையெல்லாம் எழுதினீங்களே, எனக்கு எப்ப படிச்சுக் காட்டுவீங்க?" நான் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். பதில் சொல்ல முடியவில்லை. அவர் வாசித்த அடியின் பெயர் என் கட்டுரையில் இருந்தது. அவர் பெயர் அடிக்குறிப்பில்கூட இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நம் கலைஞர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுத வேண்டும். எழுத வாய்ப்பில்லாதவர்கள் சொல்லட்டும், நாம் எழுதிக் கொடுப்போம். நூலாசிரியர் பெயர் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நம் இயக்கப் பதிப்பகங்கள் இதை ஒரு வேலைத்திட்டமாக எடுக்க வேண்டும்.

எழுதப் போனால் பாட்டு நின்றுவிடுமோ என்று யாரும் தயங்க வேண்டாம். ஆலிஸ் பேக்கின் முதல் தனி இசைத்தொகுப்பு வந்தது 2016இல், அவருடைய ஐம்பதுகளின் கடைசியில்.