வாஷிங் மெஷின் வாங்கப் போறீங்களா? சுற்றும் வேகத்தைக் கவனிங்க

(அரியலூரில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது மூன்று பேர் வாஷிங் மெஷினுக்குக் கேட்டிருந்தீர்கள். மூன்றுமே கதவு முன்பக்கம் இருக்கிற 'ஃப்ரண்ட் லோடு' வகை. அதனால் இன்றைக்கு வட்டிக் கணக்கு பேசாமல் மெஷினைப் பற்றியே பேசலாம் என்று வந்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நம்ம குழு அக்கா ஒருத்தர் உள்கடன் வாங்கி இப்படி ஒரு மெஷின் எடுத்தார். ஆலையில் வேலை பார்க்கிற, ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்களின் துணியைத் துவைத்துக் கொடுக்கிற தொழில். நல்ல யோசனைதான். தவணை எத்தனை, ஜாமீன் யார் என்று எல்லாம் கேட்டு நான்தான் பரிந்துரை செய்தேன். மெஷினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. தினமும் நாலு தடவை, எப்போதும் 1400 வேகத்தில் ஓட்டியிருக்கிறார். பதினாலாவது மாதம் லாரி ஏறி வருகிற மாதிரி சத்தம். அப்புறம் அடியில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பேரிங் போச்சு, தொட்டியோடு மாற்றணும் என்றார். மெஷின் விலையில் பாதி கேட்டார். தவணை இன்னும் பத்து பாக்கி.

அந்த 1400 என்பது என்ன? துவைத்து முடித்ததும் தண்ணீரைப் பிழிய உள்தொட்டி சுற்றுகிறதே, அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான். கடையில் 800, 1000, 1200, 1400 என்று இருக்கும். எண் ஏற ஏற விலையும் ஏறும். எண் பெரிசா இருந்தா மெஷின் உசத்தின்னு நாமளும் நினைச்சுக்கிறோம்.

சோளக் காட்டில் குருவி விரட்டக் கவண் சுற்றியிருப்பீர்கள். மெதுவாகச் சுற்றினால் கல் கையை லேசாக இழுக்கும், வேகம் கூடினால் கையையே பிடுங்கும். இதில் ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்காகும். 800-லிருந்து 1400 என்பது இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் இழுப்பு மூன்று மடங்கு. தொட்டிக்குள் கால் கிலோ ஈரத்துணி ஒரே பக்கம் ஒதுங்கிவிட்டது என்று வையுங்கள். 800-ல் அது சுமார் 45 கிலோ போல இழுக்கும். 1400-ல் ஏறக்குறைய 135 கிலோ. சிமெண்ட் மூட்டை கணக்கில் பார்த்தால் ஒன்று எங்கே, மூன்று எங்கே!

இந்த இழுப்பை யார் தாங்குவது? ஃப்ரண்ட் லோடு மெஷினில் தொட்டி படுத்த வாக்கில் இருக்கிறது. அதைத் தாங்குகிற தண்டு பின்பக்கம் மட்டும்தான். கிணற்று உருளைக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் உண்டு, இதற்கு ஒரு பக்கம்தான். அந்தத் தண்டில் இருக்கிற பேரிங்தான் பாரம் முழுக்கச் சுமக்கிறது. உருளைக் குண்டு போட்ட பேரிங்குக்குச் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. பேரிங்குக்கு முன்னால் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி பேரிங் துருப்பிடிக்கும். அந்த லாரி சத்தம் அதுதான். நிறைய மாடல்களில் வெளித்தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டியே வருகிறது. அதனால்தான் சின்ன பேரிங்குக்காகத் தொட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். வாங்கும்போதே, "பேரிங் தனியா மாத்த முடியுமா?" என்று கேளுங்கள்.

அதிர்வை அடக்க மெஷினுக்குள் கான்கிரீட் கட்டியே வைத்திருக்கிறார்கள். 1979-லிருந்து அரசு ஆலையே சிமெண்ட் தயாரிக்கிற ஊரில் இருந்துகொண்டு, தூக்க முடியலையே இந்த மெஷின் என்று ஆச்சரியப்படுகிறோம்.

அப்படியானால் 1400 எதற்கு? இந்த வகை ஐரோப்பாவில் அதிகம் புழங்குவது. அங்கே குளிர், வெயில் கிடையாது, வீட்டுக்குள்ளேயே காயப்போடணும். நமக்கு? 5 கிலோ துணியை 800-ல் பிழிந்தால் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர் துணியில் நிற்கும். 1400-ல் சுமார் இரண்டரை லிட்டர். அந்த ஒரு லிட்டர் தண்ணீருக்காக மூன்று மடங்கு இழுப்பு. சித்திரை வெயிலில் அதைக் கொடிக்கயிறு காசில்லாமல் எடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டுமானால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு சகோதரி கேட்டார்: "எங்க வீட்ல ரெண்டு தொட்டி வெச்ச பழைய மெஷின், அதுலயும் 1300-ன்னு போட்டிருக்கு, எட்டு வருசமா ஓடுதே?" நல்ல கேள்வி. அதில் பிழிகிற தொட்டி சின்னது, அகலம் கம்மி. அகலம் குறைந்தால் இழுப்பும் குறையும். நேராக நிற்கிற தொட்டி வேறு. ஃப்ரண்ட் லோடின் அகலத்துக்குப் பார்த்தால் அந்த 1300 இங்கே 900 போலத்தான். இரண்டு வகையின் எண்ணையும் ஒப்பிடவே கூடாது.

வேகம் மட்டும்தான் குற்றவாளி என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த அக்கா வீட்டில் மெஷின் பலகை மேல் ஆடிக்கொண்டு இருந்தது. நாலு காலும் சமமாகச் சிமெண்ட் தரையில் பதியணும். ஒரே ஒரு ஜமுக்காளத்தை மட்டும் போட்டால் அது தண்ணீர் குடித்து ஒரு பக்கம் குவிந்துவிடும், கூட இரண்டு மூன்று துண்டு போடுங்கள். கைத்துவையல் பவுடர் போட்டால் நுரை பொங்கும், நுரையோடு ஒழுங்காகப் பிழியாது. நம்ம பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் மெஷின் ஹீட்டரிலும் படியும். அதற்கு மெஷின் கம்பெனி சொல்கிற பவுடரைப் போட்டு, துணி இல்லாமல் அவ்வப்போது ஓட்டிவிடணும். புது மெஷின் வரும்போது பின்னால் நீளமான போல்ட்டுகள் போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்கு முன் கழற்றணும், தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வீடு மாறும்போது அதை மாட்டாமல் லோடு ஆட்டோவில் ஏற்றினால் உள்ளே ஸ்பிரிங் எல்லாம் ஆட்டம் கண்டுவிடும்.

கடைசியாக உத்தரவாத அட்டை. "10 வருசம் கேரண்டி" என்று பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். பேரிங், சீல் எல்லாம் இரண்டு வருடம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். வீட்டு மெஷினைத் தொழிலுக்கு ஓட்டினால் உத்தரவாதமே செல்லாது என்றும் அதில் எழுதியிருக்கும். அக்காவுக்கு நடந்தது அதுதான். இரண்டு வருடம் முடியாமலே கைக்காசு போட்டு மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அவர் இப்போது 800-ல்தான் ஓட்டுகிறார். மாடியில் நாலு கொடி கட்டியிருக்கிறார். தவணையில் இன்னும் இரண்டு பாக்கி. விண்ணப்பம் போட்ட மூன்று பேரும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடையில் அந்த மாடலின் உத்தரவாத அட்டை நகலை வாங்கி வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படித்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்.