இரத்தக் காட்டேரியும் அடுத்த வீட்டாரும்

(ஆண்டு விழாவையொட்டி நாடகக் குழுவினரிடையே ஆற்றிய உரை)

இவ்வாண்டு நம் இளைஞர்கள் நடிக்கவிருக்கும் நாடகத்தில் மனிதரும் இரத்தக் காட்டேரிகளும் ஒரே ஊரில் குடியிருக்கின்றனராம். அவ்வூரை எவ்வாறு அமைப்பது என்று நம்மைக் கேட்டனர். குர்தா ரோடு சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் ஒரு மெட்ரிகுலேஷன்காரரிடம் இதைக் கேட்கலாமா என்று நீங்கள் எண்ணக்கூடும். நாம் கலிங்கத்துப்பரணியைப் படித்தவர் என்று காலனியில் ஒரு பேச்சு உலவுகிறது. அதன் விளைவு இது.

பல்லின் நீளத்தையும் சிறகின் அகலத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காட்டேரிக்கு ஆகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். ஊரின் சட்டம் முழுவதும் அதிலிருந்தே பிறக்கும்.

1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலாவை எடுத்துக்கொள்வோம். அவன் திரான்சில்வேனியாவிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்கிறான். புறப்படுமுன் இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையைப் படிக்கிறான். சொந்த மண்ணை 50 பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, விட்பி துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் லண்டனுக்கு அனுப்புகிறான். அந்த மண்ணில்தான் அவனால் இளைப்பாற முடியும். ஊரிலிருந்து திரும்புந்தோறும் மாவடு ஜாடியும் காப்பிப் பொடியும் சுமந்து வரும் நமக்கு அவன்பால் சிறிது இரக்கம் தோன்றுவது இயல்பே. வீட்டார் ஒருவர் அழைத்தாலன்றி அவன் முதன்முறை உள்ளே நுழையவும் இயலாது. நல்ல விதிதான். ஆனால் அவனுடைய சாப்பாடு அயலாரின் கழுத்தில் இருக்கிறது. ஆகவே கூடி வாழ வழியில்லை. துரத்திச் சென்று கத்தியால் முடித்துவிடுகின்றனர்.

நம் சிற்றூர்களில் காட்டேரிக்குப் படையலிட்டு வழிபடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவள் பங்கு அவளுக்குப் போய்விடும். அவளும் வீட்டைக் காப்பாள் என்பது நம்பிக்கை.

இனிப் பரணிக்கு வருவோம். முதற் குலோத்துங்கச் சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் 12-ஆம் நூற்றாண்டில் பாடினார். பாலை நிலத்தில் காளி கோயிலைச் சுற்றிப் பேய்கள் பசியால் வாடிக் கிடக்கின்றன. இமயத்திற்கு ஓடிப்போய் இந்திரசாலம் கற்ற கிழப்பேய் ஒன்று திரும்பி வருகிறது. அது காட்டும் மாயக் குருதியாற்றை மெய்யென்று நம்பி, மற்றப் பேய்கள் மேல்விழுந்து ஏமாறுகின்றன. பின்னர்ப் போர் மூள, மெய்யாகவே கூழ் கிடைக்கிறது. இறந்தோரின் பல் அரிசியாகிறது, முரசு உரலாகிறது, யானைத் தந்தம் உலக்கையாகிறது. நம் வீட்டுப் பெண்டிர் போலவே அவையும் பாடிக்கொண்டு குற்றுகின்றன. பரிமாறும்போது குருட்டுப் பேயையும் ஊமைப் பேயையும் கருவுற்ற பேயையும் மறவாது அழைக்கின்றன. பார்ப்பனப் பேய் உண்டு, சமணப் பேய் உண்டு, புத்தப் பேய் உண்டு. எல்லாரையும் எண்ணிவிட்டோம் என்று சொல்லும் கணக்கப் பேயும் உண்டு. அதைப் படிக்குந்தோறும் நம் அலுவலகம் கண்முன் வந்து நிற்கும். பேயுலகம் படைப்பதில் செயங்கொண்டாரை விஞ்சியவரை நாம் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பகல் இடைவேளையில், இக்கதையை நம் அரைகுறை ஒடியாவில் அருகு மேசை நண்பருக்குச் சொன்னோம். கணக்கப் பேய் வரையில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "கூழ் சரி, இரத்தம் யாருடையது?" என்று கேட்டார்.

நமக்கு நா எழவில்லை. கலிங்கம் எனப்படும் நாட்டிலேயே அமர்ந்து அக்கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் உறைத்தது. அவர் கோபிக்கவில்லை. தம் பாத்திரத்தைத் திறந்து பாதியை நம் பக்கம் தள்ளினார். ஒடியர் பகாளா என்று சொல்லும் அது நம் பழையசோறேதான். உண்டோம். ஆயினும் அவர் கேள்வி இன்றும் நம்மிடமே இருக்கிறது.

பரணியில் தோற்றோடும் அனந்தபன்மன், அனந்தவர்ம சோடகங்கனே என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுவர். அவன் தாய் சோழ இளவரசி. இங்கிருந்து 44 கிலோமீட்டரில், நாம் மாதந்தோறும் சென்று வணங்கும் பூரி ஜகந்நாதர் கோயிலின் திருப்பணியைத் தொடங்கியவனும் அவனே. இவையெல்லாம் நண்பர் கேட்டதற்கு விடையாகா. எனினும் அவரிடம் சொன்னோம்.

இளைஞர்களே, உங்கள் வேடப் பட்டியலைப் பார்த்தோம். மனிதர் அனைவரும் நம் பிள்ளைகள். காட்டேரிகள் நால்வரும் அடுத்த வரிசை ஒடியர் வீட்டுப் பிள்ளைகள். உயரமான பையன்கள் என்றுதான் எழுதினீர்கள், நாம் அறிவோம். ஆனால் முன் வரிசையில் அவர்கள் பெற்றோரும் அமர்ந்திருப்பார்கள் அல்லவா? இரு வேடங்களிலும் இருவர் பிள்ளைகளும் கலந்து நிற்கும்படி பட்டியலை மாற்றி எழுதுங்கள்.

ஊரின் விதிக்கு நாம் சொல்லும் யோசனை இது: காட்டேரிகள் மனிதரைத் தொடா, கசாப்புக் கடையில் ஆட்டிரத்தம் காசு கொடுத்து வாங்கும். ஆட்டிரத்தப் பொரியல் தின்னும் மனிதரும் அதே கடைக்கு வருவர். ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும், விலை ஏறும். முதலில் வந்தவர் யார் என்று சச்சரவு மூளும். "நேற்று வந்த உனக்கு இங்கே என்ன உரிமை?" என்று ஒருவர் கேட்பார். அவர் மனிதரா காட்டேரியா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டாம் காட்சி அங்கிருந்து தொடங்கட்டும்.

அவ்வூரிலும் ஒரு கணக்கப் பேய் வேண்டும். யாருக்கு எத்தனை படி என்று எழுத ஆளில்லாவிடில் ஊர் ஒரு வாரம் தாங்காது. அவ்வேடத்திற்கு வேறு ஆள் தேட வேண்டா. பேரேடும் மூக்குக்கண்ணாடியும் நம்மிடமே உள்ளன. ஒத்திகை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லியனுப்புங்கள். இவ்வாரம் நமக்கு இரவு முறை.