பாலைவனத்தில் ஒரு கடல்



மழை விட்டதும் தோட்டத்துக் கால்வாயில் ஓடும் கலங்கல் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து, இரவு முழுதும் அசையாமல் வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் மணல் இருக்கும். அதன்மேல் நுண்ணிய சேறு. அதற்கும் மேல் தெளிந்த நீர். கிள்ளான் ஆறு கடலில் கலக்கும் இடத்திலும் நாள்தோறும் இதுதான் நடக்கிறது. இப்படிப் படியும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி, நெடுங்காலத்தில் இறுகிக் கல்லாகின்றன. அதைப் படிவுப் பாறை என்கிறோம். கடல் உயிர்களின் ஓடுகள் சேர்ந்து இறுகினால் சுண்ணாம்புக்கல். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் பத்துமலை அந்த இனந்தான்.

இப்போது உங்களை இந்தியாவின் மேற்குக் கோடிக்கு அழைத்துப் போகிறேன். இராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் ஜெய்சால்மர் என்றோர் ஊர். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர். நமக்குச் சில வேளை ஒரே மாதத்தில் அதைவிட அதிகம் கொட்டிவிடும்! அந்த வறண்ட மேட்டு நிலத்தின் மஞ்சள் கல்லுக்குள் கடற்சிப்பிகள் கிடைக்கின்றன. ஜுராசிக் காலத்தில், ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே கடல் இருந்தது. அதற்கும் முன்னால் காடு இருந்தது. ஊருக்கு அருகே அக்கல் என்னுமிடத்தில் அக்காட்டு மரங்கள் கல்லாகவே கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்தினுள் நீரில் கரைந்த தாதுக்கள் ஊறி இறுகிவிட்டன. கரையோரத்தில் விலங்குகளும் திரிந்தன. நீண்ட கழுத்துள்ள ஒரு தாவர உண்ணி டைனோசரின் எலும்புகளை அவ்வட்டாரத்தில் எடுத்து ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டில் 'தாரோசாரஸ்' என்று பெயரிட்டார்கள்.

அந்தப் படிவுப் பாறைக் குன்றின்மேல் 1156-ஆம் ஆண்டில் மன்னர் ஜெய்சால் கோட்டை எழுப்பினார். இன்றும் அதற்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. சிக்கலும் அங்கேதான். குன்றில் எல்லா அடுக்கும் ஒரே உறுதியாக இல்லை. கல்லுக்கு இடையே களிமண் அடுக்குகளும் உண்டு. காய்ந்திருக்கும் வரையில் அவை பாரம் தாங்கும். ஈரம் ஊறினால் இளகும். மேலே நிற்கும் சுவரும் சரியும்.

முன்பு பெண்கள் ஏரியிலிருந்து குடத்தில் நீர் சுமந்தார்கள். சிந்தும் தண்ணீர் கொஞ்சமே. கட்டியவர்களும் மழைநீர் வெளியேற வடிகால் வைத்திருந்தார்கள். பிறகு குழாய் வந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர் பெருகியது, வடிகாலும் கசிந்தது. குழாயடியில் வரிசை பிடித்து நின்ற நமக்குத் தெரியும், வீட்டுக்குள் வந்த குழாயை வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். ஆனால் கசிந்த நீர் குன்றுக்குள் இறங்கிற்று. வீடுகள் பல இடிந்தன. 2013-இல் கோட்டை உலக மரபுச் சின்னமாயிற்று. 2024 ஆகஸ்டில் பெருமழையில் மதிலின் ஒரு பகுதி விழுந்தது.

அங்குள்ள பொறியாளர்களின் கவலையெல்லாம் இப்போது சாக்கடையைப் பற்றித்தான். கழிவுநீர் ஒரு சொட்டும் குன்றுக்குள் இறங்காமல் வெளியே கொண்டுபோக வேண்டும். உங்கள் போத்தலை மறுபடி ஆட்டிப் பாருங்கள். படிந்த சேறு எவ்வளவு விரைவாகக் கலங்குகிறது என்பது தெரியும்.