ராஜகோபுரத்தின் முன்னே பாடியா, லென்ஸா?

படம் எடுக்கும் ஆர்வம் உள்ளவர்கள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் புதிய கேமரா பாடியைத்தான் தேடிப் போகிறார்கள். அந்தப் பணம் லென்ஸுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் முன்னே நின்று பார்த்தால் அதற்கான காரணம் புரியும். 1987-ல் கட்டி முடிந்த அந்தக் கோபுரம் 13 நிலைகளோடு சுமார் 72 மீட்டர் உயரம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்தது போல உச்சி குறுகிவிடும். சாய்க்காமல் நேராகப் பிடித்தாலோ, படத்தின் மேல்பாதிக்குள் முழுக் கோபுரமும் அடங்க வேண்டும். பாடியோடு வரும் 18-55 கிட் லென்ஸில், கேமராவை நெடுக்குவாட்டில் பிடித்தாலும், அதற்குச் சுமார் 110 மீட்டர் பின்வாங்க வேண்டும். அங்கே போனால் கடைகளும் மின்கம்பிகளும் வண்டிகளும் குறுக்கே வந்து நிற்கும். 10 மி.மீ. லென்ஸுக்கு 60, 65 மீட்டரே போதும். அதே அளவு சென்சாரில் மெகாபிக்சல் 24-லிருந்து 32 ஆனாலும் இந்தத் தூரம் ஓர் அடிகூடக் குறையாது. கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். நிமிர்த்தும்போது உச்சிப் பகுதி இழுபட்டுச் சிற்பங்களின் நுணுக்கம் மங்கும், ஓரங்களும் வெட்டுப்படும்.

வெளிச்சத்திலும் இதே கதைதான். ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் இரவுப் புறப்பாடு தீவட்டி வெளிச்சத்தில் வருகிறது. கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் வாய் 5.6-க்குமேல் திறக்காது. விலை குறைந்த 50 மி.மீ. 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ. 6400-ல் புள்ளிபுள்ளியாக வந்த முகம் 640-ல் தெளிந்து வரும். புதிய பாடி இதில் ஒரு படி முன்னேற்றம் தந்தாலே பெரிது. ஆனால் 1.8-ல் ஒரு முகம் துலங்கினால் பக்கத்து முகம் மங்கிவிடும், அதைப் பழகித்தான் கையாள வேண்டும்.

பாடிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் ஒளியைப் பதிக்கும் பரப்புதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1858-ல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் காகித நெகட்டிவில் எடுத்தார். நகரும் கூட்டம் அதில் தெளிவாகப் பதியாது. அந்தத் தடையை இன்றைய சென்சார்கள், ஏழெட்டு வருடம் பழையவைகூட, எப்போதோ தாண்டிவிட்டன. பறக்கும் பறவையையும் ஓடும் ஆட்டக்காரரையும் எடுப்பவர்களுக்கு மட்டும் ஃபோகஸ் வேகத்துக்காகப் புதிய பாடி நியாயமான செலவுதான். கோபுரமும் மண்டபத் தூண்களும் ஓடப்போவதில்லை.

இன்னொரு அச்சம், லென்ஸ் பொருந்தும் மவுண்ட்டைக் கம்பெனி மாற்றிவிட்டால் லென்ஸ் வீணாகாதா என்பது. 1987-ல் கேனான் அப்படி மாற்றியபோது பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் தவித்தது உண்மை. 2018-ல் மறுபடி மாற்றியபோது அடாப்டரோடு பழைய லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸுடன் வேலை செய்தன. நிக்கானும் மவுண்ட்டை மாற்றியது; ஆனால் அதன் அடாப்டரில், ஃபோகஸ் மோட்டார் பாடியில் இருந்த காலத்து லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆகவே பழைய லென்ஸை வாங்குகிறவர் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் அந்த லென்ஸ் இரண்டு மூன்று பாடிகளைத் தாண்டியும் உழைக்கும்.