வாய்க்காலைக் கேட்டு வாக்களியுங்கள்!

(சீர்காழியில் வணிகர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





உள்ளாட்சித் தேர்தல் என்றாலே நம்மில் பலருக்கு ஓர் அலட்சியம். ‘சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் நடக்கிற தேர்தல்தானே!’ என்கிறோம். நான் கேட்கிறேன், சாக்கடை என்ன சின்ன விஷயமா? 2022 நவம்பர் 11-ஆம் தேதியை மறந்துவிட்டீர்களா? அன்று பெய்த மழை 44 சென்டிமீட்டர். 122 ஆண்டுகளில் காணாத மழை என்று பத்திரிகைகள் எழுதின. வீடு, கடை, வயல் எல்லாம் தண்ணீர். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. நனைந்து கரைந்த ஒரு மூட்டை சர்க்கரைக்கு அது ஈடாகுமா? மளிகைக்கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

மழை இறைவன் தருவது. அதை நிறுத்த எந்தக் கவுன்சிலராலும் முடியாது. பெய்த மழை எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதோ மனிதன் போடுகிற திட்டம். நம் ஊர் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேற்கே பெய்கிற நீரும் நம் பக்கமாகத்தான் கடலுக்குப் போகிறது. கழுமலையாறு ஊர் வழியாகவே ஓடுகிறது. தெரு வடிகால் போய்ச் சேர இடமில்லாமல் நடுவழியில் நின்றால், தெருதான் குளம். சீர்காழிக்குத் தோணிபுரம் என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. பெயர் இருக்கட்டும், கடைத்தெருவில் தோணி விடுகிற நிலை நமக்கு வேண்டாம்!

இதை யார் பார்க்க வேண்டும்? 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவது நகரமைப்புத் திட்டம். இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் முறைப்படுத்துவது. சாலையும் குடிநீரும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. திட்டம் போட்ட பிறகே சாலை போட வேண்டும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நாமோ முதலில் சாலை போடுகிறோம். பிறகு குழாய்க்காக அதையே தோண்டுகிறோம். மழை வந்ததும் வடிகாலைத் தேடுகிறோம்.

மன்றமே இல்லாமல் இருந்த காலமும் உண்டு. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளின் ஆட்சி. கேள்வி கேட்க நமக்கென்று ஓர் உறுப்பினர் இல்லை. இழந்தபோது அருமை தெரிந்த உரிமை இது. அதை ஓர் இரவில் கவருக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் விற்கலாமா?

நமது நகராட்சியில் 24 வார்டுகள். 2011 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 35 ஆயிரம். ஒரு வார்டுக்குச் சராசரியாக ஆயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லை. உங்கள் தெருவின் வாக்கே முடிவைத் திருப்பிவிடும். 2022-ல் நகர்மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் இந்த உறுப்பினர்கள்தான். ஆகவே வார்டில் தவறினால் ஊரே தவறுகிறது.

‘நகர்மன்றத்தில் போய் என்ன சாதிக்க முடியும்?’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஈரோட்டில் மண்டி வணிகராக இருந்தவர் பெரியார் ஈ.வெ.ரா. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் நகர்மன்றத் தலைவராக இருந்தபோது, காவிரித் தண்ணீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். அவருடைய கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆனால் ஊருக்குத் தண்ணீர் தந்ததை மறுக்க முடியுமா?

வாக்குக் கேட்டு வருகிறவரிடம், ‘எந்தக் கட்சி? யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்கிறோம். இனி இதைக் கேளுங்கள்: நம் வார்டின் மழைநீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது? அது எங்கே அடைபட்டிருக்கிறது? ஐப்பசிக்கு முன்பே தூர்வார மன்றத்தில் என்ன செய்வீர்கள்? குப்பை எங்கே கொட்டப்படும்? லாரியில் சரக்கு இறக்க எந்த நேரம், எந்த இடம்? பதில் தெரிந்தவரை ஆதரியுங்கள். தெரியாவிட்டாலும், நம்மோடு ஒரு நாள் தெருத்தெருவாக நடந்து பார்க்கச் சம்மதிக்கிறவரை ஆதரியுங்கள். இரண்டுமில்லாமல் மாலையோடு வந்து கும்பிட்டுப் போகிறவரை மரியாதையாக அனுப்பிவையுங்கள்.

அவர் நம் சமுதாயத்தவராக இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால்? திறமையும் நேர்மையும் உள்ள மாற்றுமதச் சகோதரருக்கு ஜமாஅத்தே முன்னின்று வாக்குச் சேகரிக்கட்டும். வெள்ளம் எந்த வீட்டிலும் பெயர் கேட்டுவிட்டு நுழைவதில்லை.

வணிகப் பெருமக்களே, உங்களுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். உண்மையாகத் திட்டமிடுகிற ஒருவர் வந்தால், முதலில் கடைகளின் முன்னால் வடிகாலை மூடியிருக்கும் சிலாப்பைத்தான் காட்டுவார். அப்போது ‘எங்கள் வாக்கை வாங்கி எங்கள் படியையே இடிக்கிறாயா?’ என்று பாயாதீர்கள். பாதையின் அளவில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடச் சொன்னது நபிகளாரின் (ஸல்) தீர்ப்பு. நடப்பவனுடைய உரிமை அந்த அளவுக்குப் பெரிது. அதேசமயம், புல்டோசரைக் கொண்டுவந்து நிறுத்துவது திட்டம் ஆகாது. 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்கும், தைக்காலிலிருந்து பிரம்புக்கூடை கொண்டுவந்து விற்பவருக்கும் இடம் ஒதுக்கிவிட்டுப் பாதையைச் சீர் செய்பவரே நமக்கு வேண்டிய உறுப்பினர்.

இளைஞர்களே! இந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வார்டுக்குப் பத்துப் பேர் சேருங்கள். மழை பெய்கிற ஒரு நாளில் வடிகால் போகிற வழியே நடந்து செல்லுங்கள். நீர் தேங்குகிற இடத்தை ஒரு தாளில் குறியுங்கள். அந்தத் தாளை எல்லா வேட்பாளரிடமும் கொடுத்து, செய்வதாகக் கையெழுத்துக் கேளுங்கள். வெற்றி பெற்றவரிடம் அதே தாளோடு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனுப் போடுங்கள்.

தாளும் பேனாவும் போதும். இந்த மழைக்காலத்திலேயே தொடங்குங்கள்.