ஊரடங்கை உடைத்தது யார்?



"சனங்களுக்கு ஒழுக்கம் கிடையாது, அதனால்தான் கொரோனா பரவியது" என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தப் பழியை நான் ஏற்க மாட்டேன்.

2020 மார்ச் 24. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவில் நாடே அடைபட்டது. நான்கே மணி நேரம்! அன்றாடக் கூலியில் அன்றாடம் உலை வைக்கிறவள் அதற்குள் என்ன செய்வாள்? ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசியும் தந்தார்கள், மறுக்கவில்லை. அது எத்தனை நாளைக்குக் காணும்?

ஏப்ரலில் சென்னை, மதுரை, கோவைக்கு 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றார்கள். மளிகைக் கடையும் கிடையாது என்றார்கள். 25ஆம் தேதி கடைத்தெருவெல்லாம் சனம் முண்டியடித்தது. விலகி நில் என்று சொன்ன அரசாங்கமே கூட்டிய கூட்டமய்யா அது! மே 7ஆம் தேதி டாஸ்மாக்கைத் திறந்தார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி, மறுபடி திறந்தார்கள். காய்கறி வாங்க வந்தவனுக்குத் தடியடி, குவார்ட்டர் வாங்க வந்தவனுக்குத் தடுப்புக் கட்டி வரிசை. இதைக் கண்ணால் பார்த்தவன் விதியை எப்படி மதிப்பான்?

சாத்தான்குளத்தை மறந்துவிட்டீர்களா? செல்போன் கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகச் சொல்லி, 2020 ஜூன் 19ஆம் தேதி தந்தையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்; தேடிப்போன மகனையும் அங்கேயே பிடித்து வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் இருவருமே உயிரோடு இல்லை.

தடியால் நோயை அடக்கப் பார்ப்பது புதிய கதையல்ல. 1897இல் புனேயில் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நோயாளியை ஒளித்தார்கள். செத்தவரையும் மறைத்தார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே 1897இல் வந்த கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020இலும் நம்மீது ஏவினார்கள். தடியைக் கண்டால் மனிதன் காய்ச்சலைச் சொல்ல மாட்டான். காய்ச்சலைச் சொல்லாவிட்டால் எந்த மருத்துவர் என்ன செய்ய முடியும்?

பக்கத்துக் கேரளத்தில் உள்ளாட்சிகள் சமூகச் சமையலறை திறந்தன. தனிமையில் இருந்தவர் வீட்டு வாசலுக்கே சோறு போனது. வீட்டில் இரு என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்தது.

அடுத்த கொள்ளைநோய் வரும். அன்றைக்கு ஆட்சியில் யார் இருந்தாலும் சரி, முதலில் அரிசியையும் கூலியையும் வீட்டுக்கு அனுப்பு, பிறகு கதவைச் சாத்தச் சொல் என்று இந்த ஊர் ஒரே குரலில் கேட்க வேண்டும். கேட்பீர்களா?